கல் பொறுக்கிய சம்சாரி

தாயில்பட்டிப் பக்கம் பட்டா இல்லாத முள்ளுக்காட்டை வெட்டித் திருத்தி, ஆடும் பயிருமாகப் பிழைத்த சம்சாரி அவர். கறுத்து ஒடிசலான மனிதர். நடக்கும்போதே குனிந்து கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போடுவார்.

சர்க்கார் சர்வேக்காக நாங்கள் நிலம் அளக்கப் போன வருஷம், அவர் விதைக்காமல், எருவுக்காக ஆடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போட்டிருந்தார். என் அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே, "தரிசுன்னு எழுதுய்யா" என்றார்.

"அம்புட்டு ஆடு கண்ணுக்குத் தெரியலையாக்கும்? கிடை போட்ட நிலத்தையா தரிசுங்கிறீக?" என்று சம்சாரி என்னைப் பார்த்துக் கத்தினார்.

தெரிந்தேதான் எழுதினேன். யாரும் பயிரிடாத நிலமென்று அது பட்டாசுக் கம்பெனிக்குப் போனது.

பிறகொரு நாள் சாத்தூர் ரோட்டில் என்னைக் கண்டதும் குனிந்து கல்லெடுத்தார். எறியட்டும் என்று நின்றேன். ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தார். பாவி மனுஷன், எறிந்து தொலைத்திருக்கலாம்!