காலுக்கு எட்டாதது

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் அண்ணனுக்குக் காலுக்கு எட்டவில்லை. போர் விமானம் ஓட்டும் வேலைக்கான தேர்வில் எழுத்து, பேச்சு எல்லாம் தேறி, கடைசியில் உடம்பை அளக்கும் இடத்தில் நின்றுபோனான். கால் நீளம் இரண்டு விரல்கடை குறைவாம். விமானியின் காலடியில் இருக்கும் பெடல்களை மிதிக்க அது போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருச்சுழியில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா, விரலுக்கேத்த வீக்கம்தான் வேணும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணனை மறக்க விடவே இல்லை.

அது எண்பதுகளின் கடைசி. பிற்பாடு அண்ணன் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிக்கிற பிள்ளைகள் வராதபோது, திரையில் விமானம் ஓட்டுவான். முதலில் கீபோர்டில். பிறகு, வளைகுடாவிலிருந்து திரும்பிய பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த, பிடித்துச் சாய்க்கிற பழைய ஜாய்ஸ்டிக்கில். அதில் கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கமே சாயும். காரியாபட்டி பஸ்ஸில் படிக்கட்டுக் கூட்டம் தொங்குகிற மாதிரி என்பான். அடுத்து மதுரையில் நாலு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்துப் பார்த்து, ஸ்பிரிங் இறுக்கமான ஒன்றை வாங்கிவந்தான். அது நேராகப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். அவனுக்குப் பெடலும் வேண்டும். கடைகளில் கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவர்களே இவனைக் கேட்டார்கள். ஆசாரியிடம் கட்டை வாங்கி, நடுவில் போல்ட் போட்டு, இரு முனையிலும் மிதிபலகை வைத்து, மிதி எவ்வளவு திரும்புகிறதென்று அளக்க ரேடியோவின் வால்யூம் குமிழை அடியில் பொருத்தி, கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தான். அடிப்பலகையில் மூன்று துளை. போல்ட்டை எதில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப மிதி கிட்டவோ தள்ளியோ நிற்கும். கிட்டத்துத் துளை அவனுக்கு. மற்ற இரண்டும் எனக்காகப் போட்டது. முதல் நாள் விமானத்தை ஓடுபாதையில் இறக்கிவிட்டு, "எட்டுதுலே" என்றான். அவன் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்குக் கால் நீளம். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. ஒரு ஞாயிறு அவன் பரளச்சிக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தபோது நான் உட்கார்ந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. போல்ட்டைக் கழற்றிக் கடைசித் துளையில் மாட்டி, ஆசைதீர ஓட்டினேன். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன்.

மறுவாரம் அவன் வந்து உட்கார்ந்தான். காலை நீட்டினான். விரல்நுனிதான் பட்டது. நாற்காலியை முன்னால் இழுத்திருக்கலாம், போல்ட்டை மாற்றியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான்.

"நீ ஓட்டுலே. ஒனக்குத்தான எட்டுது."

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அன்றைக்கே பழைய துளையில் மாட்டி வைத்துச் சொல்லவும் செய்தேன். அவன் உட்காரவில்லை.

சில மாதம் கழித்து மதுரையில் புதுமாதிரி ஜாய்ஸ்டிக் வந்திருந்தது. பிடியைத் திருகினால் போதும், பெடலின் வேலையையும் அதுவே பார்க்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதைப் பெருமையாகச் சொல்லி அவன் கையில் கொடுத்தேன். இடமும் வலமுமாகத் திருகிப் பார்த்தான். இதுக்குக் காலே வேண்டாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"அத அன்னைக்கு என் கால அளந்தவுககிட்டப் போயிச் சொல்லுலே" என்றான்.