உறைக்குள் வெந்த புதுக் கார்ட்

புங்குடுதீவுக்குக் கடல் நடுவே போகும் தாம்போதி வீதியில் பாதி தூரம் வந்திருந்தேன். இரண்டு பக்கமும் கடல், முகத்தில் எதிர்க்காற்று, தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சாரமும் ஒரு சேட்டும். காலையில் சாப்பிடவில்லை. குறிகாட்டுவானில் லோஞ்ச் பிடித்து நெடுந்தீவுக்குப் போனால் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அதுதான் திட்டம். விட்டு வந்த சரவணை ஊரில் தெரிந்தவர்களுக்கோ பின்னேரத்துக்குள் நான் கள்ளனாகிவிடுவேன்.

அங்கே ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றையும் படம் பிடித்து, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுகிற இடம். வயர் இழுப்பதும் கமரா சுமப்பதும் கணினியைக் கழற்றிப் பூட்டுவதும் என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கழற்றிப் பூட்ட, யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி திருத்துகிற கடையில் கூட்டித் துடைத்த காலத்தில் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

நயினாதீவுக் கோயில் தேரை நேரலையில் காட்டுவதற்கென்று ஸ்ரூடியோ முதலாளி அண்ணையின் தம்பி கனடாவிலிருந்து ஒரு புதிய கிராபிக்ஸ் கார்ட் அனுப்பியிருந்தார். கமராவில் இருந்து வரும் படத்தை உடனுக்குடன் சுருக்கி வெளியே அனுப்புவது அந்தக் கார்டின் பாடு. அது திணறினால் கனடாவில் சாமி பாதி வீதியில் நின்றுவிடும். பார்சலை யாழ்ப்பாணத்தில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான்.

போன வருடத் தேர்ப் படத்தை இரண்டு கார்டிலும் ஓட்டிப் பார்த்தோம். பழையது ஒரே சீராக ஓடியது. ஆனால் கற்பூரப் புகை எழும்பிய இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. "இதுக்குத்தானே புதுசு," என்று அண்ணை கையைத் தேய்த்தார். புதியதைப் பூட்டினோம். தொடக்கத்தில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் களைத்தது. பிறகு பழையதைவிட மோசமாக இழுபட்டது. திரும்ப ஓட்டினோம். அதே கதைதான்.

அண்ணை கார்ட் வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பெட்டியை வழியில எங்கையும் வைச்சனீரோ?"

"இல்லை அண்ணை."

"பஸ்ஸில நித்திரை கொண்டனீரோ?"

"இல்லை."

"அப்ப ஆரோ பழசொண்டைப் புதுசெண்டு மாத்தி வைச்சிருக்கினம்."

அந்த 'ஆரோ'வைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கொழும்பில் பேக்கரியில் வேலை செய்தபோது அடி வாங்கியிருக்கிறேன். அது ஆறிவிட்டது. இது தீவு. கள்ளன் என்ற பேர் எனக்கு முன்னே பஸ்ஸேறிப் போய்விடும். பிறகு ஒருவரும் ஒரு மூட்டையைக்கூட என்னை நம்பித் தூக்கத் தரமாட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

தாம்போதியில் பின்னால் ஸ்கூட்டர் கோண் அடித்தது. அண்ணையின் மனைவி. வீட்டுச் சட்டையோடு தலைக்கவசம் போட்டிருந்தார்.

"நில்லும் தம்பி! எங்க போறீர்?"

"நெடுந்தீவுக்கு, அக்கா."

"நெடுந்தீவில உமக்கு ஆர் இருக்கினம்? அங்க மேயிற காட்டுக் குதிரையளோ?"

நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"உம்மட கார்ட் ஓடுது. சொல்லத்தான் வந்தனான். புதுசுதான் அது. மாத்தேல்லை, ஒண்டுமில்லை."

"எப்பிடி?"

"அறைக்குள்ள ஒரு மணம். தொட்டுப் பாத்தால் கணினிப் பெட்டி இடியப்பச் சட்டி மாதிரி கொதிக்குது. உறையைக் கழட்டி எறிஞ்சன். எறிஞ்ச கையோட அது பறக்கத் தொடங்கிட்டுது. மனுசன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது."

அந்த வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த எதற்கும் உறை கழற்றுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வந்தநாள் ஒட்டியிருந்த பொலித்தீன் இன்னும் இருக்கிறது. கதிரைகளில் இருந்தால் சரசரக்கும். உப்புக்காற்றுக்கு எல்லாம் கறள் பிடிக்கும் என்ற பயத்தில் கணினிக்கும் அக்கா ஒரு பொலித்தீன் உறை தைத்திருந்தார். புதிய கார்ட் வந்ததும் அதற்கு மரியாதையாக, மேலே இன்னொரு தடித்த உறையும் போட்டோம். பழைய கார்ட் கொஞ்சமாய் மின்சாரம் தின்று கொஞ்சமாய்ச் சூடாகும். அதனால் உறைக்குள் தாக்குப்பிடித்தது. புதியது நிறையத் தின்று நிறையச் சூடாகிறது. சூடு மிஞ்சினால் எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாங்கள் அதைப் போர்த்தி மூச்சடைக்க வைத்துவிட்டு, ஓடவில்லை என்று குறை சொன்னோம்.

"அண்ணை ஏன் வரேல்லை?"

"ஸ்கூட்டருக்குக் காத்து இல்லையாம்."

நான் ரயரைப் பார்த்தேன்.

"ஓம், இருக்கு. வெக்கத்துக்கு வேற என்ன சொல்லுறது? ஏறும்."

தாம்போதிக் கல்லில் குந்தி, அவர் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன். அதன் பிறகுதான் பசித்தது. திரும்பிப் போகும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். பின்னால் இருந்து, "பள்ளம், பள்ளம்," என்று அக்கா வழி நெடுகக் கத்திக்கொண்டு வந்தார்.

அண்ணை கணினியை விட்டுத் தலை நிமிரவில்லை. "சாப்பிட்டனீரோ?" என்றார்.

"இல்லை."

"இஞ்சயப்பா, தம்பிக்குப் புட்டுப் போடும்!" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அவருக்கு அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எனக்கு அது காணும். புட்டுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தேன். உறையில்லாமல் இரண்டு கார்டையும் மறுபடி ஓட்டினோம். பழையதில் கற்பூரப் புகை முன்போலவே உடைந்தது. புதியதில் புகை புகையாகவே எழும்பி, தேர்ச் சேலைகளைச் சுற்றிக் கலைந்தது. வடம் பிடித்தவர்களின் முதுகில் வேர்வைகூடத் தெரிந்தது. பின்னேரம் ஊரெல்லாம் தண்ணீர் மோட்டர் போட்டு மின்சாரத்தின் அழுத்தம் குறைந்தபோது மட்டும் புதியது ஒருமுறை நின்று போனது.

"பழசை எறியாதையுங்கோ அண்ணை. சாமத்தியவீட்டுக்கு அது காணும்," என்றேன்.

"எறியேல்லை. நீர் நாளைக்கு நேரத்தோட வாரும்."

"தேருக்கு வாறன். மற்றப்படி ஏலாது."

கோபத்தில் சொல்லவில்லை. அந்த அறையில் இனி ஏதாவது பழுதானால் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பட்டது. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் குறிகாட்டுவானில் நெடுந்தீவு லோஞ்ச்காரர், வீடுகளுக்குப் போகும் பார்சல்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். முன்பு எங்கே வேலை என்று கேட்டார். ஸ்ரூடியோ நம்பரை நானே கொடுத்தேன். அவர் சத்தமாகக் கேட்கும்படி போனை வைத்துக்கொண்டு, "ஆளை நம்பலாமோ?" என்றார்.

"என்ர மனுசியின்ர தாலிக்கொடியையே குடுத்து விடலாம்," என்றது அண்ணையின் குரல்.

"உங்கட கைச்சங்கிலியைக் குடுங்கோவன்!" என்று போனுக்குள் பின்னால் அக்கா கத்தினார்.

லோஞ்ச்காரர் சிரித்தார். "சரி, ஏறும்."

முதல் பார்சல் ஒரு ரிவிப் பெட்டி. லண்டனில் இருக்கும் மகன் தாய்க்கு எடுத்துக் கொடுத்தது. அதன் மேலே தண்ணீர் புகாத படங்கு போட்டு, அலை தெறிக்காத பக்கமாகக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே இருந்துகொண்டேன்.