ஓஸ்வால்டுக்கு ஒரு கேப்டன், பிரிஜெட்டுக்கு ஒரு கேப்டன்

பெங்களூரு பிரேசர் டவுன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஓஸ்வால்டுக்கு ஒரு குரல், விவேக் நகர் வீட்டில் வேறொரு குரல். கடையில், "மேடம், இந்த ஃப்ரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்சது மேடம்" என்று தேனாக ஒழுகும். அதே வாய் வீட்டுக்குள் நுழைந்ததும், "பிரிஜி, குழம்புல உப்பு எங்க?" என்று கரகரக்கும். அவர் இதுவரை விற்ற ஃப்ரேம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முகத்துக்கென்றே செய்ததுதான். அப்படிப்பட்ட ஆளிடமே ஒருவன் வந்து, 'இது உங்களுக்கு மட்டும்' என்று சொன்னபோது ஏன் ஒரு சின்னச் சிரிப்புகூட வரவில்லை என்பதுதான் புரியாத விஷயம்.

மனைவி பிரிஜெட் எல்.கே.ஜி. மிஸ். அவருக்கு ஒரே குரல்தான். பால்காரரிடமும் அதுதான்: "வெரி குட்! நாளைக்கும் இதே மாதிரி சீக்கிரம் வரணும், ஓகேவா?"

இவர்கள் வீடு மாறிக்கொண்டிருந்த நேரம். ஊர் வழக்கப்படி லீஸ் வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்பி வரும். பழைய வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புது வீட்டு ஓனர் கோவிந்தராஜனிடம் வரும் புதன்கிழமை அதைக் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் மொத்தமும் ஒருவர் கையில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று, பாதியை ஓஸ்வால்டின் கணக்கிலும் பாதியை பிரிஜெட்டின் கணக்கிலும் போட்டு வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஒருவருக்கு இன்னொருவர் பூட்டு.

அந்த வாரம் பார்த்துத்தான் கிரண் வந்தான். ஆள் வரவில்லை, வாட்ஸ்அப்பில் கன்னடத்தில் நலம் விசாரித்தபடி குரல் வந்தது.

"நமஸ்காரா அங்கிள், சென்னாகிதீரா? உங்க கிரிக்கெட் நாலெட்ஜுக்கு நீங்க கடையில நிக்கற ஆளே இல்ல அங்கிள்!"

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அரசாங்கம் போன வருஷமே தடை செய்துவிட்டது. பெரிய ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. "அதான் அங்கிள், நம்மது பிரைவேட் லீக்" என்றான் கிரண். பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது, அவன் அனுப்பும் லிங்கைத் தட்டி இறக்க வேண்டும். இரண்டு அணிகளிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி நம் டீமாக வைக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் அடிக்கிற ரன்னும் எடுக்கிற விக்கெட்டும் நமக்குப் பாயிண்ட். நாம் கேப்டனாகப் போட்டவனுக்கு இரட்டிப்பு. அந்தப் பதினோரு பேரை கிரணே அனுப்புவான், கூடவே ஒரு வரியும் வரும்: 'உங்களுக்கு மட்டும். வீட்டுல கூட காட்டாதீங்க. வெளிய போனா டீம் கெட்டுடும்.'

முதல் தடவை ஜெயித்த சின்னத் தொகை உண்மையாகவே வங்கிக்கு வந்தது. ஓஸ்வால்ட் அன்று ஒரு கிலோ மட்டன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு பெரிய தொகையைப் போட்டார். ஆப்பில் எண் வளர்ந்துகொண்டே போனது. எடுக்கப் போனால், "வரியை முன்னாடியே கட்டணும் அங்கிள்." கட்டினார். "செக்யூரிட்டி டெபாசிட் அங்கிள், திரும்பி வந்துடும்." அதையும் கட்டினார். அவருடைய பாதியில் பாதி போயிருந்தது. 'ஞாயித்துக்கிழமை மேட்ச்ல எல்லாத்தையும் எடுத்துடலாம். எப்படியும் பிரிஜி பாதி பத்திரமா இருக்கு' என்று ராத்திரி புரண்டு படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சில் பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, பெங்களூரு – சென்னை மேட்ச். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். டி.வி. மட்டும் இன்னும் கட்டப்படவில்லை. ஓஸ்வால்டின் கேப்டன் பெங்களூரு ஓப்பனர். முதல் ஓவரில் ஒரு ஃபோர் அடித்தான்.

"அப்படிப் போடு மகனே!" என்றார் ஓஸ்வால்ட்.

பிரிஜெட் பழைய புடவைகளை மடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது என்பதுதான் ஓஸ்வால்டின் எண்ணம். அடுத்த பந்து ஸ்டம்பைச் சிதறடித்தது. ஓப்பனர் காலி.

"வெரி குட்! சூப்பர்!" என்று பிரிஜெட் புடவையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

ஓஸ்வால்ட் மெதுவாகத் திரும்பினார்.

"நீ எதுக்குடி கைதட்டற?"

"சும்மாதான்."

"பௌலர் பேரு சொல்லு பார்க்கலாம்."

பிரிஜெட் பேரைச் சொன்னார். முழுப்பேரைச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், "லெஃப்ட் ஆர்ம்" என்றும் சொன்னார். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

ஓஸ்வால்ட் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "பிரிஜி, போனைக் காட்டு."

"நீங்க காட்டுங்க மொதல்ல."

இரண்டு போன்களும் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் அருகருகே கிடந்தன. அதே ஆப், அதே பச்சை நிறம். அதே வரி: 'உங்களுக்கு மட்டும். வீட்டுல கூட காட்டாதீங்க.' ஓஸ்வால்டின் டீமில் ஓப்பனர் கேப்டன். பிரிஜெட்டின் டீமில் அவனை அவுட்டாக்கிய பௌலர் கேப்டன்.

"யாருடி உனக்கு இதை அனுப்பறது?"

"பிரதர் டேரில். ரொம்ப நல்லவருங்க. 'அக்கா, உங்களுக்கு கிரிக்கெட்டே தெரிய வேணாம், நான் பிரேயர் பண்ணித்தான் பதினொரு பேரை எழுதறேன்'னாரு."

"பிரேயர் பண்ணி பௌலரை எழுதுனானா? அரே, ஃபிராடுடி அவன்! என் ஆளு கிரண் ஜெனுயின். அவன் பிட்ச் ரிப்போர்ட் பார்த்துதான் குடுப்பான்."

"உங்க கிரண்தான் ஃபிராடு. அவுட்டாயிட்டான் பாருங்க உங்க ஓப்பனர். என் பிரதர் சொன்னதுதானே நடந்துச்சு?"

கொஞ்ச நேரம் இருவரும் தங்கள் தங்கள் திருடனுக்காக வக்காலத்து வாங்கினார்கள்.

"இப்பவே கேக்கறேன்" என்று ஓஸ்வால்ட் கிரணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க அங்கிள்! ஓப்பனர் போனா போகட்டும், தலை கெடுத்துக்காதீங்க. இன்னொரு டெபாசிட் போட்டா டீமை மாத்திக்கலாம்."

பிரிஜெட் சும்மா இருக்கவில்லை. தன் போனை எடுத்து பிரதர் டேரிலைக் கூப்பிட்டு, அதையும் ஸ்பீக்கரில் போட்டார்.

ஓஸ்வால்டின் போனுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது.

"ஒந்து நிமிஷா அங்கிள், அம்மா லைன்ல இருக்காங்க" என்றான் கிரண். அடுத்த நொடி பிரிஜெட்டின் போனிலிருந்து இனிமையாக, இழுத்து இழுத்து, ஒரு குரல் வந்தது:

"பிரெய்ஸ் த லார்ட் அக்கா! ஜெயிக்கறோம் பார்த்தீங்களா!"

அதே வார்த்தை ஓஸ்வால்டின் போனிலும், தூரத்திலிருந்து கேட்பதுபோல் கேட்டது. அந்த ஆள் இருந்த இடத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தது. இரண்டு போனிலும் அடித்தது.

இரண்டு அழைப்புகளையும் பிரிஜெட்டே துண்டித்தார். வாயைத் திறந்தார், அந்த எல்.கே.ஜி. குரல் வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிரிஜி... உன் பாதி?"

"காலையில பூசைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு அனுப்புனேன். கொஞ்சம்தான் மிச்சம். உங்க பாதி இருக்கேன்னு..." நிமிர்ந்து கணவன் முகத்தைப் பார்த்தார். "இருக்குல்ல?"

ஓஸ்வால்ட் போனில் தன் வங்கிக் கணக்கைத் திறந்து நீட்டினார். அதில் பாதிக்குப் பாதிதான் இருந்தது.

சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கு அழைத்தபோது ஒரு பெண் கன்னடத்தில், "காபரி ஆகபேடி" என்று ஆரம்பித்தார். பதறாதீர்கள் என்று அர்த்தம். ஓஸ்வால்ட் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். காலையில் போனதை வங்கியில் நிறுத்தப் பார்க்கலாம், போன வாரம் போனது கடினம், ஆனாலும் எல்லாப் பரிமாற்ற எண்ணையும் கொடுங்கள் என்றார் அந்தப் பெண். ஜெயித்த பணத்தைத் தர முன்கூட்டி வரி கேட்பவன் எவனாக இருந்தாலும் திருடன்தான் சார் என்றும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்து கோவிந்தராஜன். ஓஸ்வால்ட் போனை எடுத்ததும் கடைக்குரல் தானாகவே வந்துவிட்டது. "சார், வணக்கம் சார்! புதன்கிழமை..."

பிரிஜெட் போனைப் பிடுங்கினார். "சார், புதன்கிழமை முழுப்பணம் இல்ல. ஏமாந்துட்டோம். ரெண்டு பேருமே."

மறுமுனையில் கோவிந்தராஜன் தொண்டையைக் கனைத்தார். "இருக்கறதைக் குடுங்கம்மா. மிச்சத்துக்கு மாசாமாசம் வாடகை குடுங்க. ஆனா ஒரு மாசம் நின்னாலும் நான் வேற பார்ட்டி பார்த்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க சார்" என்றார் பிரிஜெட். கடையில் எல்லோரிடமும், 'நான் ஒரு மாசம்கூட வாடகை கட்டுனதில்லப்பா' என்று பெருமையடித்த ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெபமாலைக்குக் கூடும் தெருக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஓஸ்வால்ட் அதைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. சிரிப்பாங்க" என்றார் பிரிஜெட்.

"சிரிக்கட்டும்."

மைக்கை அழுத்திப் பேசினார். கடைக்குரலும் இல்லை, வீட்டுக்குரலும் இல்லை. பிரிஜெட்டே கேட்டிராத ஒரு வெறும் குரல். கிரண் என்ற பேர், டேரில் என்ற பேர், பச்சை ஆப், 'உங்களுக்கு மட்டும்' என்ற வரி, எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார்.

சிரிப்புப் பொம்மை ஒன்றும் வரவில்லை. பதிலே வரவில்லை. மாடிப்படியில் யாரோ செருப்பில்லாமல் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மேல் வீட்டு ஐரின், கால் சென்டர் வேலை பார்க்கிற பெண், போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள்... உங்களுக்கு யாரு கேப்டன்?"

"ஓப்பனர்."

"ஆன்ட்டிக்கு?"

"பௌலர்" என்றார் பிரிஜெட்.

"எனக்கு விக்கெட் கீப்பர்" என்றாள் ஐரின். "அரை மணி நேரம் முன்னாடிதான் டெபாசிட் போட்டேன்."

அவள் உட்கார ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளப்போன ஓஸ்வால்ட் பாதியில் கையை எடுத்தார். "உக்காராதம்மா, நின்னுட்டே போன் பண்ணு. ஒன் நைன் த்ரீ ஜீரோ. சீக்கிரம், சீக்கிரம், அரை மணி நேரம்தானே ஆச்சு!"