அவர் கொடுக்காத வாக்கு

பீட்டர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதரின் அரசியல் வாழ்வு முடிந்தது. இன்னொருவனின் வாழ்வு... அதற்குப் பிறகு வருகிறேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள்! நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை.

பீட்டர், சிட்னியின் மேற்கே ஒரு தொகுதியின் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர். பஸ் ஓட்டுநரின் மகன். நகரசபையில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறியவர். அடுத்தது அமைச்சர் பதவிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருடைய தொகுதி அலுவலகத்தில் நான் உதவியாளர். தமிழர் வந்தால் மொழிபெயர்ப்பதும் நானே. என்னை அவர் முழுதாக நம்பினார்.

2011 தேர்தல் நெருங்கிய நாட்களில் ஜெசிந்தா வந்தாள். இலங்கையின் மன்னார்ப் பெண், மணமாகி எங்கள் பக்கத்து ஹோம்புஷில் குடியேறியவள், ஆங்கிலம் அதிகம் வராது. படகில் வந்த அவள் தம்பி அன்ரன் தடுப்பு முகாமில் இருந்தான். அவனது அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள்.

பீட்டர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "இது மத்திய அரசின் விடயம், சாந்தி. என்னால் ஒன்றும் செய்ய முடியாது. படகில் வந்தவர்களுக்காக வாய் திறந்தால் என் கதை முடிந்தது. பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு."

"ஐயா என்ன சொல்லுறார் அக்கா?" என்றாள் ஜெசிந்தா.

பக்குவமாம்! பொங்கல் விழாவில் வேட்டி கட்டி, வாழையிலையில் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டவர் இவர். எங்கள் சோற்றுக்குத் திறந்த வாய் எங்களுக்காகத் திறக்காதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாராளுமன்றத்திலை எழும்பி உங்கட தம்பிக்காகக் கதைப்பாராம்" என்றேன்.

ஜெசிந்தா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் திகைத்துப்போனார். அவள் சென்றபின், "நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய்" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்!

செய்தி பரவியது. எங்கள் சனங்கள் வீடு வீடாகப் போய் அவருக்காக வாக்குக் கேட்டார்கள். பீட்டர் மயிரிழையில் வென்றார்.

வென்ற கையோடு மாலையும் கையுமாக ஒரு கூட்டம் அலுவலகத்துக்கு வந்தது. முன்னால் நின்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ராசன் அங்கிள் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: "அன்ரனைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எப்போது பேசப் போகிறீர்கள்?"

பீட்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய்?"

"நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை."

என்னை அன்றே விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் நெடுநேரம் இருந்தார்.

சில வாரங்களில் அவர் சபையில் எழுந்து பேசினார். அன்ரனின் பெயரைச் சொல்லியே பேசினார். மேலே பார்வையாளர் வரிசையில் நான் இருந்தேன். சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து வெளியே போனார்கள். அவர் நிறுத்தவில்லை!

கட்சி அதை மறக்கவில்லை. அமைச்சர் பதவி வேறொருவருக்குப் போனது. இந்த வருடம், அடுத்த தேர்தலில் நீ வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

"என்னைக் கேட்டிருக்கலாமே, சாந்தி" என்றார், அந்த முடிவு வந்த அன்று.

"கேட்டிருந்தால் சம்மதித்திருப்பீர்களா?"



அதற்காக நான் வருந்த வேண்டுமா? மாட்டேன்! இத்தனை வருட அரசியலில் பயமில்லாமல் அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். அவரைப் பேசவைத்தது என் பொய். மறுபடியும் அந்த இடத்தில் என்னை இருத்தினால் மறுபடியும் அதையே சொல்வேன்.

ஆனால் அன்ரன்...

நான் பொய் சொன்ன அந்த நாட்களிலேயே, அவனுக்காக நீதிமன்றம் போக ஒரு வழக்கறிஞர் முன்வந்திருந்தார். அதற்குக் காலக்கெடு இருந்தது. ஜெசிந்தாதான் தம்பியைத் தடுத்திருக்கிறாள். "ஐயா கதைக்கிறன் எண்டவர். நாங்கள் வழக்குப் போட்டா அவருக்குக் கோவம் வரும்" என்றாளாம். கெடு தாண்டிய பிறகே எனக்குத் தெரிந்தது. பீட்டரின் பேச்சு முகாமின் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அன்ரனை இலங்கைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

வழக்குப் போட்டிருந்தாலும் தோற்றிருக்கலாம். எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வென்றிருந்தால்? நீங்களே சொல்லுங்கள்... வென்றிருந்தால்?

போன மாதம் ஹோம்புஷ் ஸ்டேஷனில் ஜெசிந்தாவைக் கண்டேன். மன்னாரில் தம்பி வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பற்றினாள்.

"எண்டாலும் அக்கா, ஐயா சொன்ன சொல்லைக் காப்பாத்தினவர். நீங்கள்தானே எங்களுக்காக அவரிட்டைக் கதைச்சனீங்கள்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன். பீட்டரிடம் அத்தனை துணிச்சலாகப் பேசியவள் நான்!

"ஓம்" என்றேன்.