மூடி போட்ட கோழிக்குஞ்சுகளும் பாஞ்சாலியும்

கோழிக்குஞ்சை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் வலது கண்மேல் மாட்டியிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியை முந்தானை நுனியால் துடைக்கிறாள் பாஞ்சாலி. துடைப்பதோடு விடுவதில்லை, விசாரிப்பும் உண்டு. "இன்னாடி, ராவுல தூங்கினியா? பக்கத்துல கீறவ மிதிச்சாளா?" மூடி இல்லாத கண் பக்கமாகத்தான் முகத்தைக் கொண்டுபோவாள். மறுபக்கமிருந்து பேசினால் மரியாதை இல்லையாம்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில், ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ்மில் கிடங்கில் இந்தக் கூத்து நடக்கிறது. பஞ்சாயத்துக்கு டி.வி. வந்த அதே வருஷம், சென்னையில் கண் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் வெளிச்சமும் காற்றும் உள்ள இடமாகத் தேடிவந்து இதைப் பிடித்தார். குஞ்சு பொரித்த சில நாளில் ஒரு கண்ணுக்கு மட்டும் மூடி. அதன் வழியாக வெளிச்சம் போகும், உருவம் போகாது. பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பாஞ்சாலி முந்திக்கொண்டாள். சேற்றில் இடுப்பு ஒடியக் குனியாமல், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை அவளுக்கு வாழ்நாளில் இதுதான் முதல்.

டீக்கடை சடையப்பனுக்கு இவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "இன்னா பாஞ்சாலி, கோயிக்கெல்லாம் கண்ணாடி மாட்டி இஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?"

"உனுக்கு இன்னாண்ணே தெரியும்? கண்ணுக்குள்ள டெண்டு கொட்டா கீது. பின்னால தெரை. படம் சுத்தமா வுழுந்தா தெரை கம்முனு கீது. மங்கலா வுழுந்துச்சுன்னு வெச்சுக்கோ, வளரு வளருன்னு கண்ண ஏவிகினே கீது. கண்ணு நீளமா பூடுது. அப்பால தூரத்துல வர்ற பஸ்ஸு போர்டு தெரியாது."

டாக்டரம்மா சொன்னதில் கொட்டாய் கிடையாது. மற்றபடி விஷயம் சரிதான். கண் எவ்வளவு வளரவேண்டும் என்று உத்தரவு போடுவது விழித்திரைதானா என்பதே அவருடைய ஆராய்ச்சி.

குஞ்சுகள் படும் பாடு எப்படியிருக்கும் என்று பார்க்க, ஒருநாள் பாஞ்சாலி தன் கண் ஒன்றில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். வழியில் நின்ற மாட்டுவண்டியில் இடித்துக்கொண்டு, முழங்காலில் ரத்தத்தோடு வந்து சேர்ந்தாள். ஊர் சிரித்தது. அவளுக்கோ அன்றிலிருந்து குஞ்சுகள்மேல் பாசம் கூடிப்போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தீனியைத் தின்னாமல் கிளறிக்கொண்டே இருப்பது தலைவர். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கத்துவது கண்டக்டர்.

இந்தக் கண்டக்டர் அவளுக்குச் செல்லம். மத்தியானம் கூழ்த் தூக்கைத் திறந்ததும் கண்டக்டரின் கண்மூடியை மட்டும் கழற்றிவிடுவாள். "போ, ஒலகத்தப் பாத்துட்டு வா." அவள் கூழ் குடித்து, வெற்றிலை போட்டு, மென்று துப்புகிறவரை அது இரண்டு கண்ணோடும் திரியும். பிறகு பிடித்துப் பழையபடி மாட்டிவிடுவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவள் நினைப்பு.

அளந்து பார்க்கும் நாள் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் விளக்கடித்து, குட்டிக் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மூடியிருந்த கண் நீண்டு, கிட்டப்பார்வை வந்திருந்தது. கண்டக்டருக்கு மட்டும் இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மறுபடி பார்த்தார். அதே கதைதான். முகம் விழுந்துவிட்டது.

"மூடியில கோளாறா, நான் பாக்கறதுல கோளாறா? ஒண்ணு இப்படின்னா மத்ததை எப்படி நம்பறது? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து தொடங்கணும் போலிருக்கு."

பாஞ்சாலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் வேலை போகும். மறுபடி சேறு, மறுபடி இடுப்புவலி. கண்டக்டரை வேறு யாரோ துடைப்பார்கள். சொல்லாவிட்டால் இந்த அம்மா பட்ட பாடெல்லாம் பாழ். வாயிலிருந்த வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"மூடிமேல பழி போடாதீங்கம்மா. நான்தான். கூழு குடிக்கிற நேரத்துக்கு இதுக்கு மட்டும் கயட்டி வுடுவேன். பாவமா கீதும்மா. பேஜார் பண்ணிட்டேன். வேலைய வுட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்க."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமா?"

"வெத்தல துப்பற வரிக்கும்."

டாக்டரம்மா போட்ட சிரிப்பில் குஞ்சுகள் மூலைக்கு மூலை சிதறின. "நாளெல்லாம் மூடியிருந்தும், அந்தக் கொஞ்ச நேரம் பார்த்ததே திரைக்குப் போதுமா! சொல்லாம செஞ்சது தப்பு பாஞ்சாலி. இனிமே சொல்லிட்டே செய்யுங்க. ஒரே ஒரு குஞ்ச வெச்சு எதையும் நம்பக்கூடாது. பாதிக்குத் திறந்து பார்த்துடலாம்."

கண்டக்டரையும் சேர்த்துப் பாதிக் குஞ்சுகளுக்குக் காலில் சிவப்பு நூல். அவற்றுக்கு மத்தியானம் மூடி திறக்கும். மீதிக்கு வெள்ளை நூல், திறக்கவே கூடாது. "வெள்ளைக்கு இரக்கம் காட்டிடாதீங்க. காட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும். கடைசியில எல்லாத்துக்கும் கழட்டிடுவோம், இந்த வயசுல கண்ணு தேறிக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வேலை பிழைத்த சந்தோஷத்தில் பாஞ்சாலி சடையப்பனுக்கே டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் மூடி கழன்ற சிவப்பு நூல்காரர்கள் கிடங்கையே இரண்டாக்கினார்கள். கண்டக்டர் கத்திக்கொண்டு முன்னால் ஓடியது. பாஞ்சாலி தூக்கைத் திறந்தாள். வெள்ளை நூல் கட்டிய ஒரு வாடல் குஞ்சு மட்டும் அவள் மடியில் ஏறி, தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அவளுடைய வலது கை தானாக அதன் மூடிக்குப் போயிற்று. பாஞ்சாலி அந்தக் கையை வெடுக்கென்று இழுத்தாள். தொடைக்கடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு, இடது கையால் தூக்கை எடுத்துக் கூழைக் குடித்தாள்.