பாவாவுக்கு எடுத்த படம்

என் அக்காவின் கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடச் சர்க்கரைக்காரர். அக்கா இறந்தபிறகு திருத்தணியில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தார்.

போன வருடம் ஒரு நாள் இருவரும் மலைப்படி ஏறினோம். பாதியிலேயே பாவா உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நெஞ்சு வலிக்குதா பாவா?"

"வலியெல்லாம் இல்லடா. மூச்சு வாங்குது. வயசாவுது இல்ல?"

மறுநாளே எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ரொம்ப வருஷமா சர்க்கரை இருந்தா நரம்பு மரத்துப்போயிடும்ங்க. இதயக் குழாய் அடைச்சாலும் சிலருக்கு வலி தெரியாது. இதயத்து ரத்தக் குழாய்களை சி.டி. ஸ்கேன்ல படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தைக் கிட்னி தாங்குமா என்று ரத்தம் சோதித்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். படம் தெளிவாக விழ நாடித்துடிப்பு குறைய வேண்டுமாம். மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. பயம். அவரைத் திசைதிருப்ப, அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று ஆர்.கே.பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சேற்றில் விழுந்தாரே, அதை ஆரம்பித்தேன். சிரித்தார். துடிப்பு இன்னும் ஏறியது.

"சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க!" என்றாள் நர்ஸ்.

பேச்சை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருட உறவில் அதுவே முதல்முறை. கண்களை மூடிக்கொண்டார். மெல்ல மெல்லத் திரையில் துடிப்பின் எண் இறங்கியது.

படத்தில், முக்கியமான ஒரு குழாய் பெருமளவு அடைத்திருந்தது. அடைப்பை விரித்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழல் வைக்க வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு வெளியே வந்து பாவா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்க அக்காவுக்கும் சர்க்கரை இருந்துச்சி. போறதுக்கு முன்னாடி அவளுக்கும் மூச்சுதாண்டா வாங்கிச்சி. வெயிலுன்னு சொன்னேன் நானு."

"நானுந்தான் கூட இருந்தேன் பாவா. நமக்குத் தெரியல."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அக்கா இறந்த அன்றுகூட நாங்கள் சேர்ந்து அழுததில்லை.

அடுத்த வாரம் ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் யாராவது கூடவே இருந்தால் நல்லது என்று என் மனைவி அவர் துணிமணிகளை எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். வேளாவேளைக்கு மாத்திரை, அளவான சாப்பாடு, சாயங்காலம் கொஞ்சம் நடை. மாதங்கள் ஓடிவிட்டன. பாவா போகிறேன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.