கமலாட்சி அன்ரி திருப்பி எடுத்த தேத்தண்ணி

கமலாட்சி அன்ரி புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு ஒரு வாய்த் தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினார் என்று எங்கள் ஒழுங்கை முழுக்கப் பேசுகிறார்கள். அது பொய். நான் அங்கே இருந்தேன். அந்தப் பொய்யைத் தொடங்கி வைத்தவர் என் அப்பா.

அன்ரியின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து முரசுமோட்டைப் பக்கம் குடியேறியவர்கள். அன்ரி பிறந்தது இங்கேதான். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வயல்காணிக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு அவர் இன்னும் தோட்டத்து ஆள். என் அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். அம்மா அவரை 'நீ' என்பார். அவர் அம்மாவை 'நீங்கள்' என்பார். நான் அன்ரி என்று சொன்னால், "அவளுக்கென்னடி அன்ரி?" என்று அம்மா பல்லைக் கடிப்பார்.

எங்கள் வயலில் அவர் எத்தனையோ போகம் களை பிடுங்கியிருக்கிறார். அந்த நெல்லுச் சோறு எங்களுக்குத் தொண்டையில் இறங்கும். அவர் வீட்டுத் தண்ணீர் இறங்காது. யாரும் அதை நேரே சொல்ல மாட்டார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று சிரிப்பார்கள். அதனால் அவரைப் போன்றவர்களின் வீடுகளில் எப்போதும் ஒரு சோடாப் போத்தல் இருக்கும். மூடி உடைக்காத சோடா, எங்களைப் போன்றவர்கள் வந்தால் கொடுப்பதற்கு. மூடியையும் எங்கள் ஆட்கள் தாங்களே உடைப்பார்கள்.

பிறகு அன்ரி டுபாய்க்குச் சமையல் வேலைக்குப் போனார். அஸர்பைஜான் குடும்பம் ஒன்று. அவர்கள் தங்கள் நாட்டுக்கு, பாகு நகரத்துக்குத் திரும்பியபோது அவரையும் கூட்டிப் போனார்கள். அங்கே ஏழு வருடம். வீட்டுக்காரி செவ்தா ஹானும் என்ற நரைத்த மனுசி. முதல் நாள் அன்ரி தன் சாப்பாட்டுக் கோப்பையோடு குசினி மூலையில் நிலத்தில் இருந்தாராம். செவ்தா ஹானும் கோப்பையைப் பறித்து மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, அன்ரி அதில் உட்காரும்வரை தானும் நின்றாராம்.

அந்த வீட்டில் வாசலில் ஆள் வந்தால் "ஹோஷ் கல்மிசினிஸ்", நல்வரவு என்பார்கள். வந்தவர் "ஹோஷ் கோர்துக்", உங்களைக் கண்டது சந்தோசம் என்று பதில் சொல்ல வேண்டும். என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பதற்கு முதலே தேத்தண்ணி வந்துவிடும். குடித்து முடித்த கிளாஸை நிமிர்த்தி வைத்தால் இன்னும் ஊற்றுவார்கள், போதுமென்றால் சரித்து வைக்க வேண்டும். ஒருவருக்குத் தேத்தண்ணியே வைக்கவில்லை என்றால், அவரோடு மனத்தாங்கல் என்று அர்த்தம்.

ஒருநாள் விருந்துக்கு வந்த பெரிய மனிசர் ஒருவர் சாப்பிட்டு முடிந்ததும் எழும்பிக் குசினி வாசலுக்கு வந்து, "அலினிஸா சாக்லுக்" என்றாராம். உங்கள் கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்பது அதன் பொருள். சமைத்தவருக்கு அங்கே எல்லோரும் சொல்வது. அன்ரிக்கு அப்போது அது தெரியாது. ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று பயந்து கைகளைப் பின்னால் ஒளித்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்து அந்தக் காசில் அவர் கட்டிய வீடு இந்த வைகாசியில் முடிந்தது. குடிபூரலுக்கு முதல் நாள் அவருடைய கணவர் மாயாண்டி அங்கிள் இரண்டு பெட்டி சோடா கொண்டுவந்து இறக்கினார்.

"இத எதுக்கு வாங்கினீங்க? திருப்பிக் குடுங்க."

"புள்ள, அவங்க வேற ஒண்ணும் தொடமாட்டாங்க. நாளைக்கு நல்ல நாளு. சண்ட வேணாம்."

"என் வூட்டுல என் தேத்தண்ணி. ஒருத்தராவது குடிக்கணும்."

அங்கிள் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

பாகுவிலிருந்து உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த இடை ஒடுங்கிய கண்ணாடிக் கிளாஸ்கள் பன்னிரண்டு. காலையில் பால் பொங்கியதும் அன்ரி அவற்றைத் துடைத்து முற்றத்து மேசையில் அடுக்கினார். தேத்தண்ணியோடு தொட்டுக்கொள்ள அவர் காய்ச்சிய விளாம்பழ ஜாம். அங்கே அப்படித்தான் குடிப்பார்களாம்.

அப்பாவோடு எங்கள் ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். அப்பா கமக்காரர் அமைப்பின் தலைவர், வயல்காரர் எல்லோரும் அவர் சொல் கேட்பார்கள். அவர் குடித்தால் மற்றவர்களும் குடிப்பார்கள் என்று அன்ரிக்குத் தெரியும். முதல் கிளாஸை அவர் முன்னால்தான் வைத்தார்.

"குடியுங்கோ ஐயா."

"ஐயோ கமலாட்சி, இப்பதான் குடிச்சிட்டு வாறன். சோடா கிடந்தா ஒண்டு தா."

"சோடா இல்லை ஐயா."

"கட்டிலுக்குக் கீழ கிடக்கிறது என்ன, பாம்புப் பெட்டியோ?" என்றார் பின்னால் இருந்து திறந்த கதவால் அறைக்குள் எட்டிப் பார்த்த நிரஞ்சன் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் அறைக்குள் ஓடப் பார்த்தார். அன்ரி கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஐயா, சண்டை முடிஞ்சு முகாமில கிடக்கேக்க என்ர கையால வார்த்த கஞ்சி குடிச்சனீங்கள். மூண்டு மாசம். கஞ்சிக் கிடாரத்தடியில நான்தான் நிண்டனான்."

சிரிப்பு நின்றது. இது எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை.

"அது அந்த நேரம்," என்றார் அப்பா. "அப்ப பசி."

அன்ரி குனிந்து, அப்பா முன்னால் இருந்த கிளாஸைத் திருப்பி எடுத்தார். மற்றவர்களுக்கு ஊற்றி வைத்ததையும் எடுத்தார். தேத்தண்ணி வைக்காத வீடு என்ன சொல்கிறது என்பது அந்த முற்றத்தில் எனக்கும் அன்ரிக்கும் மட்டும்தான் தெரியும்.

"வந்தது சந்தோசம் ஐயா. போயிட்டு வாங்கோ."

அப்பாவின் முகம் கறுத்தது. "யது, எழும்பு," என்றார். நான் எழும்பவில்லை. "எழும்படி!" அன்ரியின் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தேன். கொதி நாக்கைச் சுட்டது. நிமிர்த்தி வைத்தேன். அன்ரி இன்னொரு தரம் ஊற்றினார். அதையும் குடித்தேன். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நிரஞ்சன் அண்ணை மட்டும் படலையடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா குசினியில் செம்போடு தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன குடுத்தவள்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டும் தரேல்லை. மரியாதை தெரியாத சனம்."

"அவா தந்தவா அப்பா. நீங்கள் குடிக்கேல்லை."

அதற்கு எனக்குக் கிடைத்த அடியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அப்பாவின் அந்த ஒரு வசனம் ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. கடையில், கோயிலில், வாய்க்கால் கரையில் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்: வெளிநாடு போய்வந்த திமிர், தண்ணிகூடக் கொடுக்கவில்லை. கூட வந்த பத்துப் பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று மேசையில் பன்னிரண்டு கிளாஸ் தேத்தண்ணி இருந்தது. ஆவி பறந்தது. நான் இரண்டு குடித்தேன். விளாம்பழ ஜாம் நன்றாக இருந்தது.